செயலிகளின் சுமையில் வேளாண் விரிவாக்கப் பணி

புது தில்லி: 2024 அக்டோபரில் தெலங்கானா அரசு நூற்றுக்கும் மேற்பட்ட வேளாண் விரிவாக்க அலுவலர்களைப் பணியிடைநீக்கம் செய்தது. செல்லிடப்பேசிச் செயலி வழியாக நடத்தப்படும் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பை ஏற்க மறுத்து அந்த மாநிலத்தின் விரிவாக்க அலுவலர்கள் போராடி வந்த நிலையில் இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் ஊழியர் தகராறாகத் தோன்றிய இந்நிகழ்வு, பல மாநிலங்களின் வேளாண் துறைகளில் நீண்டகாலமாகப் புகைந்து கொண்டிருந்த ஒரு கேள்வியை வெளியே கொண்டு வந்தது. விவசாயிக்கு ஆலோசனை கூறுவதற்காக நியமிக்கப்பட்ட ஊழியரின் கையில் தரப்பட்ட கருவி அவரது பணித்திறனை உயர்த்தியிருக்கிறதா, அல்லது அவரை அரசுக்குத் தகவல் திரட்டித் தருபவராக மட்டும் மாற்றிவிட்டதா என்பதே அந்தக் கேள்வி.

மத்திய அரசு 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி ரூ. 2,817 கோடி மதிப்பீட்டில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 11 கோடி விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்குவதும், ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு வயலிலும் என்ன பயிர் நிற்கிறது என்பதைப் பதிவு செய்வதும் இதன் முக்கிய நோக்கங்கள். அந்தப் பெரும் கட்டுமானம் எழும்ப வேண்டுமானால் யாரேனும் ஒருவர் வரப்பில் நடந்து, வயலில் நின்று, படமெடுத்து அனுப்பியாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஐயாயிரம் ஏக்கருக்கு ஒருவர்

தெலங்கானாவில் ஏறத்தாழ 5,000 ஏக்கர் சாகுபடிப் பரப்பு ஒரு தொகுதியாகக் கொள்ளப்பட்டு, அதற்கு ஒரு வேளாண் விரிவாக்க அலுவலர் நியமிக்கப்பட்டுள்ளார். விவசாயிகள் கூடிப் பேசவும் பயிற்சி பெறவும் மாநிலம் முழுவதும் சுமார் 2,600 'ரைது வேதிகா' கட்டடங்களும் எழுப்பப்பட்டன. பல வட மாநிலங்களுடன் ஒப்பிடுகையில் இது பொறாமைப்படத்தக்க ஏற்பாடு.

ஆனால் இந்த ஏற்பாடு உருவான காலத்திலேயே அலுவலரின் தோள்மீது வேறு பணிகளும் ஏறத் தொடங்கின. 2018 மே மாதம் தொடங்கிய 'ரைது பந்து' முதலீட்டு உதவித் திட்டத்தில் பயனாளிகள் விவரத்தைச் சரிபார்ப்பதில் வேளாண் துறை ஊழியர்களுக்குப் பங்கு இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'ரைது பீமா' ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில், விவசாயி இறந்தால் குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் கிடைப்பதற்கான ஆவணங்களைத் திரட்டிப் பதிவேற்றும் பொறுப்பும் இவர்களிடம் வந்தது. பருவந்தோறும் பயிர்ப் பதிவு, மண் மாதிரி எடுத்தல், உர இருப்பு, கொள்முதல் நிலையங்களுக்கான விவரம் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் இருந்தது. படிவம் பின்னர் செயலியாயிற்று.

இதன்மேல் வந்ததுதான் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு. பழைய முறையில் கிராமக் கணக்கர் ஒரே இடத்தில் அமர்ந்து, ஊராரைக் கேட்டு அடங்கல் எழுதிவிட முடியும். புதிய முறையில் அது முடியாது. குறிப்பிட்ட புல எண்ணின் எல்லைக்குள் கணக்கெடுப்பவர் நிற்கிறார் என்பதைச் செயற்கைக்கோள் வழி இருப்பிட வசதி உறுதி செய்தால்தான் செயலி பதிவை ஏற்கும். பயிரின் படத்தையும் அங்கேயே எடுக்க வேண்டும். முறைகேட்டைத் தடுக்க இது நல்ல வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐயாயிரம் ஏக்கர் என்பது பல ஆயிரம் உட்பிரிவுகளாகச் சிதறிக் கிடக்கும் நிலம். சராசரியாக இரண்டு ஏக்கருக்கு ஓர் உட்பிரிவு என்று வைத்துக்கொண்டாலும் 2,500 இடங்களுக்கு ஒருவர் நேரில் செல்ல வேண்டும். நாளொன்றுக்கு 50 வயல்கள் என்று ஓய்வின்றி நடந்தாலும் இந்த ஒரு வேலைக்கே 50 வேலை நாள்கள் தேவைப்படும். பூச்சித் தாக்குதலும் உரத் தட்டுப்பாடும் தலைதூக்கி, விவசாயிக்கு ஆலோசனை மிகவும் தேவைப்படும் நாள்களும் அவையே.

உதவியாளர் எவருமின்றி இதைச் செய்ய இயலாது என்பது ஊழியர்களின் வாதமாக இருந்தது. பெண் அலுவலர்கள் ஆளரவமற்ற வயல்களுக்குத் தனியே செல்ல வேண்டியிருப்பதன் பாதுகாப்புப் பிரச்னையும் எழுப்பப்பட்டது. கணக்கெடுப்பு பிற மாநிலங்களிலும் நடக்கிறது, இங்கு மட்டும் ஏன் முடியாது என்பது அரசுத் தரப்பின் வாதம். இரு தரப்பு வாதங்களிலும் விவசாயிக்கான ஆலோசனை என்னவாகும் என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

மறக்கப்பட்ட பழைய விதி

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, 'கிராம சேவக்' என்னும் பணியிடம் உருவானது. வேளாண்மை, கால்நடை, சுகாதாரம், கல்வி, சாலை என அனைத்துக்கும் அவரே பொறுப்பு. எல்லாவற்றுக்கும் ஒருவர் என்றானபோது எதற்கும் அவரால் நேரம் ஒதுக்க முடியவில்லை.

1970-களின் நடுப்பகுதியில் உலக வங்கியின் துணையுடன், இஸ்ரேலிய வல்லுநர் டேனியல் பெனோர் வகுத்த 'பயிற்சி மற்றும் பார்வையிடல்' முறை இந்தியாவில் அறிமுகமானது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேச மாநிலங்களின் சம்பல் பாசனப் பகுதியில் தொடங்கி, படிப்படியாகப் பெரும்பாலான மாநிலங்களுக்கு அது பரவியது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பயிற்சி, முன்னரே அறிவிக்கப்பட்ட நாளில் கிராம வருகை என்பதே அதன் அமைப்பு. அந்த முறையின் அடிப்படை விதிகளில் ஒன்று இன்று நினைவுகூரத்தக்கது. விரிவாக்கப் பணியாளர் விரிவாக்கப் பணியை மட்டுமே செய்ய வேண்டும். இடுபொருள் விநியோகம், மானியம், கடன் வசூல், புள்ளிவிவர சேகரிப்பு ஆகிய எதையும் அவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே அவ்விதி.

அந்த முறையில் குறைகள் இருந்தன. மேலிருந்து வரும் ஒரே மாதிரியான பரிந்துரையை எல்லா ஊர்களிலும் ஒப்பிக்கும் நிலை ஏற்பட்டது. மானாவாரிப் பகுதிகளுக்கு அது பொருந்தவில்லை. செலவும் அதிகம். உலக வங்கியின் நிதி நின்றதும் 1990-களில் அது தளர்ந்து மறைந்தது. அதன் இடத்தில், ஏழு மாநிலங்களின் 28 மாவட்டங்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை எனப்படும் 'ஆத்மா' திட்டம் 2005-06 முதல் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. மாவட்ட அளவில் திட்டமிடல், விவசாயிகள் குழுக்கள், பல துறைகளின் ஒருங்கிணைப்பு என்று அதன் நோக்கங்கள் பாராட்டத்தக்கவை. ஆயினும் களத்தில் நிற்கும் ஊழியரின் எண்ணிக்கை தேவைக்கேற்ப உயரவில்லை. பழைய முறை மறைந்தபோது அதன் குறைகளோடு அந்த ஒரு நல்ல விதியும் மறைந்தது.

கடைக்காரரிடம் கேட்கும் விவசாயி

விளைவு புள்ளிவிவரங்களில் தெளிவாகத் தெரிகிறது. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2003-இல் நடத்திய விவசாயிகள் நிலை குறித்த ஆய்வில், நவீன தொழில்நுட்பத் தகவலை ஏதேனும் ஒரு வழியில் பெற்ற விவசாயக் குடும்பங்கள் 40 சதவீதம் மட்டுமே. முன்னேறிய சக விவசாயிகளிடமிருந்து தகவல் பெற்றோர் 16.7 சதவீதம், இடுபொருள் விற்பனையாளர்களிடமிருந்து பெற்றோர் 13.1 சதவீதம், வானொலி வழியாகப் பெற்றோர் 13 சதவீதம். அரசின் விரிவாக்கப் பணியாளர் வழியாகத் தகவல் பெற்றவர்களோ 5.7 சதவீதம் மட்டுமே. பத்தாண்டுகள் கழித்து 2013-இல் நடந்த அடுத்த ஆய்விலும் 59 சதவீத விவசாயக் குடும்பங்களுக்கு எவரிடமிருந்தும் தொழில்நுட்ப ஆலோசனை கிடைக்கவில்லை.

பூச்சிமருந்து விற்பவரே எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று சொல்பவராகவும் இருந்தால் விவசாயியின் செலவு எந்தத் திசையில் செல்லும் என்பதை விளக்கத் தேவையில்லை. அரசு ஊழியரின் ஆலோசனைக்கு இருக்கும் ஒரே பெரும் பலம், அவர் எதையும் விற்கவில்லை என்பதே.

விவசாயிகளின் வருவாயை இரட்டிப்பாக்குவது குறித்து ஆராய 2016-இல் அமைக்கப்பட்ட அசோக் தல்வாய் தலைமையிலான குழு, தனது அறிக்கையின் ஒரு தொகுதியை விரிவாக்கப் பணிக்கென்றே ஒதுக்கியது. 750 விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு விரிவாக்கப் பணியாளர் இருக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு மாறாக, நாட்டில் சராசரியாக 1,162 பேருக்கு ஒருவரே இருப்பதாக அது சுட்டிக்காட்டியது. இந்த இடைவெளியை நிரப்பத் தொழில்நுட்பமே வழி என்ற எண்ணம் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை

அந்த எண்ணத்தில் தவறில்லை. 2004 ஜனவரி 21-இல் தொடங்கப்பட்ட விவசாயிகள் அழைப்பு மையம், கட்டணமில்லாத் தொலைபேசியில் 22 மொழிகளில் ஆலோசனை தரும் ஏற்பாடாக வளர்ந்தது. அதற்கு முன்பே, 1998-இல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை நிறுவி, கணினித் தொழில்நுட்பம் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் பயன்படும் என்பதைக் காட்டியிருந்தது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் 1974-இல் அதே புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது.

2010-11-இல் வேளாண்மைக்கான தேசிய மின்னாளுகைத் திட்டம் ஏழு மாநிலங்களில் தொடங்கியது. 2013 ஜூலையில் குறுஞ்செய்தி வழி ஆலோசனைக்கான 'எம்-கிசான்' இணையதளம் வந்தது. இதுவரை தொழில்நுட்பம் விவசாயியை நோக்கியே சென்றது. அதன் பிறகு திசை மாறத் தொடங்கியது. 2015-இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தபோது, மண் மாதிரி எடுத்த இடத்தைப் பதிவு செய்யும் வேலை களப்பணியாளருக்கு வந்தது. 2016-இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, பயிர் அறுவடைப் பரிசோதனைகளைச் செயலியில் படத்துடன் பதிவு செய்யும் வேலை சேர்ந்தது. 2019-இல் ஆண்டுக்கு ரூ. 6,000 வழங்கும் பிரதமரின் கிசான் திட்டம் வந்தபோது, பயனாளிகள் சரிபார்ப்பு சேர்ந்தது. 2023-இல் அத்திட்டத்தின் செயலியில் முகப்பதிவு வழி அடையாள உறுதிப்பாடு அறிமுகமானபோது, ஓர் அரசு அலுவலர் 500 விவசாயிகள் வரை இதைச் செய்து தரலாம் என்று அறிவிக்கப்பட்டது.

ஒவ்வொரு திட்டமும் தனித்தனியே நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொன்றையும் வடிவமைத்தவர்கள், தங்கள் திட்டத்தின் வேலை மட்டுமே களப்பணியாளருக்கு இருப்பதாக எண்ணிக்கொண்டனர். ஒரே விவசாயியின் பெயர், ஆதார் எண், புல எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பல செயலிகளில் பல முறை உள்ளிட வேண்டிய நிலை இப்படித்தான் உருவானது. இதற்கான கருவியும் இணையக் கட்டணமும் பல இடங்களில் ஊழியரின் சொந்தச் செலவு. 2025 மே மாதம் மகாராஷ்டிரத்தில் வேளாண் உதவியாளர்கள் நடத்திய போராட்டத்தில், பணிக்கு மடிக்கணினி வழங்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது.

கேட்கும் கருவியும் கொடுக்கும் கருவியும்

தொழில்நுட்பம் களப்பணியாளரின் திறனை உயர்த்தவே இல்லை என்று கூறுவது உண்மைக்குப் புறம்பானது. எங்கே உயர்த்தியது என்று பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஊழியரிடமிருந்து தகவலைக் கேட்பதோடு நிற்காமல், அவருக்குத் தகவலைத் திருப்பிக் கொடுத்த கருவிகளே வெற்றி பெற்றன.

2008 காரிஃப் பருவத்தில் மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் சோயாபீன் பயிரைப் புழுக்கள் பெருமளவில் அழித்தன. அதன் பிறகு 2009-10-இல் அந்த மாநிலம் 'கிராப்சாப்' எனப்படும் பூச்சிக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த வயல்களில் பூச்சிகளின் எண்ணிக்கையைப் பணியாளர்கள் குறித்த இடைவெளியில் பதிவு செய்வர். அந்த விவரம் அறிவியலாளர்களைச் சென்றடையும். பொருளாதாரச் சேத நிலையைப் பூச்சி எட்டிய இடங்களுக்கு, என்ன செய்ய வேண்டும் என்ற அறிவுரை திரும்பி வரும். அது விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாகவும் செல்லும். இங்கே பணியாளர் தரும் தகவலுக்கு, அந்தப் பருவத்திலேயே பயன் விளைகிறது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது சொல்வதற்கு அவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது.

கர்நாடகத்தில் 2006 முதல் மேற்கொள்ளப்பட்ட 'டிஜிட்டல் கிரீன்' முயற்சி மற்றோர் எடுத்துக்காட்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வுப் பிரிவில் தொடங்கிய இம்முயற்சியில், அந்தந்த வட்டாரத்து விவசாயிகளே தங்கள் வயலில் செய்து காட்டும் காட்சிகள் படமாக்கப்பட்டு, ஊரிலேயே திரையிடப்பட்டன. உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் படத்தை இடையிடையே நிறுத்தி, கேள்வி கேட்டு, பதில் சொல்லி நடத்துவார். 16 கிராமங்களில் 1,470 குடும்பங்களிடையே 13 மாதங்கள் நடந்த சோதனையில், வழக்கமான விரிவாக்க முறையுடன் ஒப்பிடுகையில் சில சாகுபடி முறைகளைப் பின்பற்றியோர் ஏழு மடங்கு அதிகம் என்று திட்டத்தை நடத்திய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். படம் மட்டும் இந்த மாற்றத்தை விளைவிக்கவில்லை. படத்தை நிறுத்திப் பேசிய மனிதரும் அதன் இன்றியமையாத பகுதி.

கண்காணிப்பும் பயன் தரும், ஆனால்...

தொழில்நுட்பம் கொண்டு ஊழியரைக் கண்காணிப்பதையும் முற்றிலும் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. இதற்கும் தெலங்கானாவே சான்று. 2018-இல் 'ரைது பந்து' காசோலைகள் வழங்கப்பட்டபோது, கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். சில மண்டலங்களை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்குள்ள வேளாண் அலுவலர்களிடம், 'உங்கள் பகுதி விவசாயிகளைத் தொலைபேசியில் அழைத்து, உதவி கிடைத்ததா என்று கேட்கப் போகிறோம்' என்று முன்கூட்டியே தெரிவித்தனர். அந்த அறிவிப்பு மட்டுமே போதுமானதாக இருந்தது. உதவி கிடைக்காத விவசாயிகளின் எண்ணிக்கை அந்த மண்டலங்களில் 7.8 சதவீதம் குறைந்தது. கூடுதலாக விவசாயியைச் சென்றடைந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆன செலவு நான்கு ரூபாய்க்கும் குறைவு.

இதில் அலுவலர் ஒரு செயலியைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு படம்கூட அனுப்ப வேண்டியிருக்கவில்லை. கேள்வி விவசாயியிடம் கேட்கப்பட்டது. அளக்கப்பட்டது பயன். இன்று பெரும்பாலான மாநிலங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அலுவலர் எத்தனை பதிவுகளைச் செய்தார், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தார், இலக்கில் எத்தனை சதவீதம் முடித்தார் என்பவையே அன்றாட ஆய்வுக் கூட்டங்களில் திரையில் தோன்றும் எண்கள். அவர் சொன்ன அறிவுரையால் எத்தனை விவசாயிகள் மருந்துச் செலவைக் குறைத்தனர், யூரியாவை அளவோடு இட்டனர் என்பதற்கு அந்தத் திரையில் இடமில்லை.

எது அளக்கப்படுகிறதோ அதையே ஊழியர் செய்வார். பதிவுகளின் எண்ணிக்கையே பணித்திறன் என்றால், வரப்பில் நின்று ஒரு விவசாயியுடன் அரைமணி நேரம் பேசும் அலுவலர், பேசாமல் படமெடுத்துவிட்டு அடுத்த வயலுக்கு நடப்பவரைவிடத் திறன் குறைந்தவராகவே கணக்கில் தெரிவார்.

தகவல் யாருக்குத் தேவை?

கணக்கெடுப்பே தேவையில்லை என்று எவரும் கூறவில்லை. வறட்சியும் வெள்ளமும் வரும்போது இழப்பீடு அடங்கல் பதிவைப் பொறுத்தே அமைகிறது. வயலைப் பார்க்காமலேயே எழுதப்படும் அடங்கலால் உண்மையில் பயிரிட்டவர் விடுபடுவதும், தரிசு நிலத்துக்கு இழப்பீடு போவதும் ஊரறிந்த செய்திகள். கொள்முதல் நிலையத்தில் வெளி வியாபாரியின் நெல் விவசாயியின் பெயரில் விற்கப்படுவதைத் தடுக்கவும் நம்பகமான பயிர்ப் பதிவு தேவை.

குத்தகை விவசாயிகளுக்கு இது வாழ்வாதாரப் பிரச்னையே ஆகும். நிலப் பட்டாவை அடிப்படையாகக் கொண்ட 'ரைது பந்து' திட்டத்தில் குத்தகைதாரர்களுக்கு இடமிருக்கவில்லை. அண்டை மாநிலமான ஆந்திரப் பிரதேசத்தில் 'இ-கிராப்' பதிவு, நிலம் யாருடையது என்பதோடு பயிர் யாருடையது என்றும் கேட்கிறது. கொள்முதல், காப்பீடு, பேரிடர் நிவாரணம் ஆகியவை அந்தப் பதிவோடு இணைக்கப்பட்டன. எனினும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாகுபடியாளர் உரிமை அட்டை பெற நில உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்பட்டதால், ஏராளமான குத்தகைதாரர்கள் வெளியிலேயே நின்றனர். செயலி எத்தனை துல்லியமானதாக இருந்தாலும், சட்டம் விட்ட இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது.

அந்த மாநிலத்தில் 2020 மே 30-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட 'ரைது பரோசா' மையங்கள் திறக்கப்பட்டு, கிராம அளவில் வேளாண் உதவியாளர்கள் அமர்த்தப்பட்டனர். 2024 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அவை 'ரைது சேவா' மையங்கள் எனப் பெயர் மாறின. கிராமத்துக்கு ஓர் உதவியாளர் என்னும் நிலை வேறு எந்தப் பெரிய மாநிலத்திலும் எளிதில் காணக்கிடைக்காதது. அத்தனை ஊழியர் இருந்தும் பருவத்தின் பெரும்பகுதி பயிர்ப் பதிவிலும் விவசாயிகளின் கைரேகைச் சரிபார்ப்பிலும் கழிகிறது என்றால், ஆள் பற்றாக்குறை மட்டுமே பிரச்னைக்குக் காரணமல்ல என்பது புலனாகும்.

வேலையை யார் செய்வது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பை மேற்கொள்ள மறுத்த நிலையில், 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவ, மாணவியர் அப்பணிக்கு அனுப்பப்பட்டனர். வகுப்பறையை விட்டு வயலுக்கு அனுப்பப்பட்ட மாணவியரின் பாதுகாப்பும், பாம்புக்கடி உள்ளிட்ட அபாயங்களும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. வருவாய்த் துறை மறுத்தால் வேளாண் துறை, வேளாண் துறை மறுத்தால் மாணவர் என்று வேலை கைமாறுகிறதேயொழிய, அதற்கென ஊதியமும் ஆளும் ஒதுக்க எவரும் முன்வருவதில்லை.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. மகாராஷ்டிரம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'இ-பீக் பாஹணி' முறையில் விவசாயியே தனது பயிரைச் செல்லிடப்பேசியில் பதிவு செய்கிறார். கர்நாடகத்திலும் விவசாயி தானே பதிவு செய்யும் செயலி நடைமுறைக்கு வந்தது. இதனால் ஊழியரின் சுமை குறைந்து, விடுபட்ட வயல்களும் சரிபார்ப்பும் மட்டுமே அவருக்கு மிஞ்சுகின்றன. அறிதிறன்பேசி இல்லாத முதியோரும் பெண்களும் பின்தங்கும் அபாயம் இதில் உண்டு. அதை ஈடுசெய்ய ஊரிலுள்ள இளைஞர்களுக்குப் பதிவுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வழங்கிப் பயன்படுத்தலாம்.

மாநிலங்களின் அவசரத்துக்கு நிதிக் காரணமும் உண்டு. விவசாயிகள் பதிவேட்டை உருவாக்கும் மாநிலங்களுக்கு ஊக்கமாக, 2024-25-இல் மூலதன முதலீட்டுக்கான சிறப்பு உதவித் திட்டத்தின் கீழ் மத்திய அரசு ரூ. 5,000 கோடி ஒதுக்கியது. வேளாண்மை அரசியல் சாசனத்தின்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். களப்பணியாளரின் ஊதியம் மாநிலத்தின் பொறுப்பு. ஆனால் அவரது நாளை நிரப்பும் செயலிகளில் பல தில்லியில் வடிவமைக்கப்படுபவை. பதிவேட்டை முடித்தால் நிதி என்ற ஏற்பாட்டில், காலியிடங்களை நிரப்பினால் நிதி என்ற நிபந்தனை இடம்பெறவில்லை.

இயந்திரம் பதில் சொல்லும் காலம்

களப்பணியாளர் இல்லாமலேயே ஆலோசனை வழங்கிவிடலாம் என்ற குரலும் இப்போது வலுத்து வருகிறது. ஒடிசாவில் 2018 முதல் செயல்படும் 'அம க்ருஷி' சேவையில் விவசாயிகளுக்கு அவர்களது மொழியில் குரல்வழிச் செய்திகள் தொலைபேசியில் வருகின்றன. பிரதமரின் கிசான் திட்டம் குறித்த ஐயங்களுக்குப் பதில் கூறும் உரையாடல் செயலி 2023-இல் அறிமுகமானது. செயற்கை நுண்ணறிவு கொண்டு பூச்சியின் படத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லும் தேசிய பூச்சிக் கண்காணிப்பு ஏற்பாடு 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

இவை பயனுள்ளவை. ஆனால் 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஊரகப் பெண்களில் தாமே பயன்படுத்தும் செல்லிடப்பேசி வைத்திருப்போர் 46.6 சதவீதம் மட்டுமே. வேலை செய்யும் ஊரகப் பெண்களில் பெரும்பான்மையினர் விவசாயத்தில் இருக்கும் நாட்டில் இது சிறிய இடைவெளியல்ல. மேலும், இலை மஞ்சளாவதற்குப் பூச்சி காரணமா, தண்ணீர் தேங்கியது காரணமா, கடையில் வாங்கிய கலப்பட உரம் காரணமா என்பதைப் படம் மட்டும் சொல்லிவிடாது. வேரைப் பிடுங்கிப் பார்த்து, பக்கத்து வயலையும் ஒரு பார்வை பார்த்து, கடைக்காரர் கொடுத்த ரசீதைக் கேட்டு வாங்கிப் படிப்பவரே அதைச் சொல்ல முடியும். தவறான ஆலோசனையால் பயிர் போனால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கும் அப்போதுதான் விடை இருக்கும்.

செய்யக்கூடியவை

களப்பணியாளரிடம் ஒரு தகவலை ஒரே முறை மட்டுமே கேட்பது என்ற விதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்றாலே சுமையில் கணிசமான பகுதி குறையும். விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்குவதன் நோக்கமே அதுவாக இருக்க வேண்டும். எண் வந்த பிறகும் ஒவ்வொரு திட்டமும் தனித்தனியே ஆதாரும் பட்டாவும் கேட்குமானால், அந்த எண் மேலும் ஒரு பதிவாகவே முடியும்.

இரண்டாவதாக, கணக்கெடுப்பு ஒரு தனிப் பணி என்பதை ஏற்று, அதற்குரிய ஆளையும் ஊதியத்தையும் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். ஊழியரின் சொந்தச் செல்லிடப்பேசியும் சொந்த வாகன எரிபொருளும் டிஜிட்டல் இந்தியாவின் மறைமுக மானியமாக இருப்பது முறையல்ல. மூன்றாவதாக, வயலிலிருந்து செல்லும் தகவல் அதே பருவத்தில் பரிந்துரையாகப் பணியாளரின் கைக்குத் திரும்ப வேண்டும். மகாராஷ்டிரத்தின் பூச்சிக் கண்காணிப்பு அதற்கு முன்மாதிரியாக இருக்கிறது. நான்காவதாக, பணித்திறன் மதிப்பீட்டில் பதிவுகளின் எண்ணிக்கைக்குத் தரும் இடத்தை விவசாயியின் சொல்லுக்கும் தர வேண்டும். தொலைபேசியில் அழைத்து, 'அலுவலர் வந்தாரா, அவர் சொன்னது பயன்பட்டதா' என்று கேட்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. அதைச் செய்து பார்த்த அனுபவமும் இந்த நாட்டிலேயே இருக்கிறது.

அடையாள எண் வழங்கும் இலக்கு 2026-27-இல் நிறைவடைய வேண்டும் என்பது டிஜிட்டல் வேளாண் இயக்கத்தின் கால அட்டவணை. அந்த அட்டவணைப்படி 11 கோடி விவசாயிகளின் விவரமும் அரசிடம் இருக்கும். விவசாயியிடம் என்ன இருக்கும் என்பதற்கு அட்டவணை எதுவும் இதுவரை அறிவிக்கப்படவில்லை.